பூரண குணம்

முன்னொரு காலத்தில், தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் மெல்ல மெல்லத் தைல டப்பிக்கு மாறிக்கொண்டிருந்த நாளில், ஒரு விளம்பரம் இருந்தது. ஒரு பஞ்சாங்கத்தின் பின்னட்டைதான் அதற்கு வீடு.

சென்னப்பட்டணம் தங்கசாலைத் தெருவில் ஒரு கம்பெனியார் 'சுகசீதளம்' என்ற பெயரில் ஒரு தைலம் செய்து வந்தார்கள். சின்னத் தகர டப்பியில் வரும். மெழுகு, கற்பூரம், புதினாப்பூ, வாசனைக்கு ஏதோ ஓர் எண்ணெய். உள்ளே இருந்த சரக்கு அவ்வளவுதான். டப்பி வாங்குகிறவர்களுக்குப் பஞ்சாங்கம் இனாம். பஞ்சாங்கத்தோடு விளம்பரமும் இனாம்.

டப்பியில் இருந்தது கொஞ்சம் என்றாலும் விளம்பரம் வாயைத் திறந்தால் கொஞ்சத்தில் நிற்காது.

"தலைவலி! மண்டைக்குத்து! ஜலதோஷம்! மார்வலி! முதுகுப்பிடிப்பு! தேள்கடி! சோம்பல்! மனச்சோர்வு! அறுபத்துநாலு வியாதிகளும் தடவிய மாத்திரத்தில் பூரண குணம்!"

"கொஞ்சம் மெதுவாகக் கத்தேன்" என்று பஞ்சாங்கம் அலுத்துக்கொள்ளும். "உள்ளே நான் கிரகணம் எத்தனை நாழிகைக்குப் பிடிக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ முதுகில் உட்கார்ந்துகொண்டு தேள்கடி என்கிறாய்."

"நான் கத்தாவிட்டால் உன்னை வீடு வீடாக யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? நீ உன் கிரகணத்தோடு கடையிலேயே கிடக்க வேண்டியதுதான்."

"அது சரி. நீ சொல்வதையெல்லாம் ஜனங்கள் நம்புகிறார்களா?"

"நம்புகிறார்களா என்றா கேட்டாய்? என் வலது ஓரத்தைப் பார்!"

வலது ஓரத்தில் பொடி எழுத்தில் 'நற்சாட்சிகள்' அச்சாகியிருக்கும். தைலத்தைத் தடவிச் சுகம் கண்டவர்கள் கம்பெனிக்குத் தங்கள் கைப்பட எழுதிய கடிதங்களிலிருந்து எடுத்தவை. கும்பகோணத்தில் ஒரு தபால் மாஸ்டர், கொழும்பில் ஒரு மளிகை வியாபாரி, ரங்கூனில் ஒரு தையல்காரர். எல்லோருக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, வியாதி உண்டு. கடைசியில் எல்லோருக்கும் பூரண குணம்.

இந்த ஓரம்தான் விளம்பரத்தின் பெருமை. யாராவது அதைப் படித்துவிட்டு "அப்படியா!" என்று கண்ணை விரித்தால் விளம்பரத்துக்கு அன்றைக்கு வயிறு நிறைந்துவிடும். நம்பப்படுவதைத் தவிர அதற்கு வேறு ஆசையே கிடையாது.

இன்னொரு சங்கதியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். விளம்பரம் ஒன்றுதான் என்றாலும், அச்சான பிரதி இருக்கும் இடமெல்லாம் அதுவும் இருக்கும். காலை பத்து மணிக்கு மதுரையில் ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதே பத்து மணிக்குக் கொழும்பில் ஒருவர் மடியில் விரிந்து கிடக்கும். எல்லா இடத்தையும் பார்க்கும், எல்லா இடத்துப் பேச்சையும் கேட்கும். ஆனால் மனிதர்களிடம் அச்சில் இருக்கிற வார்த்தைக்கு மேல் ஒன்றும் சொல்ல அதனால் முடியாது.

அந்தப் பஞ்சாங்கங்களில் ஒன்று நீடாமங்கலத்துக்கு வந்தது.

அங்கே செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். வயது இருபத்தாறு. பெண் பாடசாலையில் நாலாவது வரை படித்தவள். அவள் புருஷன் வைரக்கண்ணு நாலு வருஷத்துக்கு முன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு போனான். துறைமுகத்தில் வேலை. "ஒரே வருஷம். வீடு பாத்துட்டு ஒன்னையும் அழைச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். முதல் வருஷம் நாலு கடிதம் வந்தது. அப்புறம் "வீடு பார்த்துவிட்டேன், அடுத்த மாதம் அழைக்கிறேன்" என்று இரண்டு கடிதம். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. இவள் போட்ட கடிதங்கள் எல்லாம் 'இந்த விலாசத்தில் ஆள் இல்லை' என்று முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தன. உயிரோடு இருக்கிறானா என்பதே தெரியாமல் மூன்று வருஷம் ஓடிவிட்டது.

செங்கமலத்துக்குச் சின்ன வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. கல்யாணமான புதிதில் வைரக்கண்ணு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தான். கட்டைவிரலால் அவள் நெற்றிப்பொட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணுவான். எண்பது வருவதற்குள் வலி இறங்கிவிடும். மிச்ச இருபதையும் விடாமல் எண்ணச் சொல்லி அவள் கேட்பாள். அவன் போனபிறகு வலி வந்தால் வந்ததுதான்.

அவளோடு இருந்தவள் வைரக்கண்ணுவின் அக்கா தில்லைநாயகி. கைம்பெண். தம்பி பெண்டாட்டி நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் சுருண்டு கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் அவள்தான் ஒரு டப்பி சுகசீதளம் வாங்கி வந்தாள். "தடவிக்கடி" என்று கையிலே கொடுத்தாள். செங்கமலம் வாங்கி மாடத்தில் வைத்தாள். நாலு நாள் ஆகியும் திறக்கவில்லை.

டப்பி ஏங்கிப்போயிற்று.

"என்னைத் திறக்கச் சொல்லேன்" என்று அது விளம்பரத்திடம் முறையிட்டது. "நெற்றி அதோ, இரண்டு முழத்தில் இருக்கிறது. வலிக்கிறது என்று முகத்திலேயே தெரிகிறது. ஒரு தரம் தொட்டால் போதும், கொஞ்சமாவது குளிர்ந்துவிடும்."

"கொஞ்சமாவது என்ன கொஞ்சமாவது? பூரண குணம் என்று சொல்லிப் பழகு."

"பூரணம் எல்லாம் எனக்குத் தெரியாது. கால் மணி நேரம் குளிர வைப்பேன். அவ்வளவுதான் என்னால் ஆகும். அதற்குக்கூட இவள் விடமாட்டேன் என்கிறாளே, ஏன்?"

விளம்பரத்துக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிகிறது. அவன் விட்டுப்போனதில் அவளிடம் மிஞ்சியிருந்தது அந்தத் தலைவலி ஒன்றுதான். அதையும் ஒரு டப்பியிடம் கொடுத்துவிட அவளுக்கு மனசு வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அரிசி களைந்து வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, செங்கமலம் பஞ்சாங்கத்தின் பின்னட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஓரத்துக்கு வந்தாள். கண் ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

"அண்ணி, இங்க வாங்களேன். ஜனாப் முகம்மது கனி, பினாங்குன்னு போட்டுருக்கு."

"இருந்துட்டுப் போவட்டும். அந்த மனுசனுக்குத் தலைவலி வரக்கூடாதா?"

"அதில்ல அண்ணி. இந்தப் பஞ்சாங்கம் பினாங்குக்குப் போவுது. அங்க உள்ளவங்க இதப் படிக்கிறாங்க."

தில்லைநாயகி அம்மியிலிருந்து கையை எடுத்தாள். "அதனால?"

"அதனால எம் பேரு இதுல வந்தா அவரு கண்ணுல படும்."

அன்றைக்கே கடிதம் எழுதினாள். முதல் வரி கம்பெனிக்கு: 'தங்கள் சுகசீதளம் தைலத்தினால் எனது நெடுநாளைய ஒற்றைத் தலைவலி பூரண குணமாயிற்று.' அதற்குக் கீழே ஒன்பது வரி, புருஷனுக்கு. 'பினாங்கிலே இருக்கும் என் வீட்டுக்காரர் வைரக்கண்ணு இதைப் பார்த்தால் அறியவும். உங்கள் அக்காளும் நானும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். வீடு பார்க்காவிட்டால் பரவாயில்லை. கை முடங்கி, கால் முடங்கி எப்படி இருந்தாலும் பரவாயில்லை. உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை எழுதவும். நூறு வரைக்கும் எண்ண இங்கே ஆள் இல்லை.' இப்படிப் போயிற்று.

தில்லைநாயகி எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, டப்பியவே தொறக்கல. கொணமாயிட்டுன்னு எழுதுறியே?"

"அந்த ஒரு வரி இல்லாட்டி அச்சுல போட மாட்டாங்க அண்ணி. அது வண்டிக்கூலி. மிச்சந்தான் ஆளுக்கு."

மாடத்தில் டப்பி திகைத்துப்போயிற்று. "நான் அவளைத் தொடவே இல்லையே!"

"பெயர் வருகிறது, வாயை மூடிக்கொண்டு இரு" என்றது விளம்பரம். ஒரு பெண்பிள்ளையின் நற்சாட்சி அதற்கு அதுவரை வாய்த்ததில்லை.

கடிதம் தங்கசாலைத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பெனி மானேஜர் துரைவேலு முதலியார் கெட்டவர் அல்ல. அவருக்கு ஒரு நாளைக்கு இருபது கடிதம் வரும். ஓரத்தில் இடமோ நாலு விரற்கடை. முதல் வரியைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நீடாமங்கலத்துல ஒரு அம்மா எழுதிக்கிறாங்கய்யா. பொம்பள பேரு போட்டா பொம்பளங்க வாங்குவாங்க. மேலயே போட்டுடு."

அச்சுக் கோப்பவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "மீதி ஒன்பது வரி இருக்குதே, சாமி. புருசனத் தேடுற மாதிரி என்னமோ எழுதிக்கிறாங்க."

"பாவம்தான். ஆனா நாம விக்கிறது தைலமாச்சே."

சிவப்புப் பென்சில் குறுக்கே ஓடியது. முதல் வரி அச்சுக்குப் போயிற்று. ஒன்பது வரியும் மேஜைமேல் நட்டிருந்த கம்பியில் குத்தப்பட்டுக் கிடந்தன. சுவரில் ஒட்டியிருந்த பழைய விளம்பரத்தைப் பார்த்து அவை கெஞ்சின.

"எங்களையும் ஏற்றிக்கொள்ளேன். அவள் எங்களைத்தான் அனுப்பினாள். அந்த முதல் வரி எங்களுக்கு வழி விடுவதற்காகச் சொன்ன பொய்."

"இடமில்லை" என்றது விளம்பரம்.

"பொடி எழுத்தில் போட்டால்கூடப் போதும்."

"எழுத்து பெரிதா பொடியா என்பதல்ல. என்னிடம் வருகிற வலி போயே ஆக வேண்டும். போகாமல் இருந்துகொண்டே இருக்கிற வலியை நான் எங்கே வைப்பேன்? என் பக்கத்தில் அதற்கு வழக்கம் இல்லை."



பங்குனியில் புதுப் பஞ்சாங்கம் வந்தது. செங்கமலம் பின்னட்டையைத் திருப்பினாள். மேலேயே இருந்தது அவள் பெயர். 'ஸ்ரீமதி வை. செங்கமலம் அம்மாள், நீடாமங்கலம்: எனது நெடுநாளைய ஒற்றைத் தலைவலி பூரண குணமாயிற்று.' அவ்வளவுதான். அடுத்த வரியில் கொழும்பு வியாபாரி சளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளேயும் தேடினாள். உள்ளே கிரகணம்தான் இருந்தது.

தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அச்சில் பெயர் வந்த பெண்பிள்ளை அந்த ஊரிலேயே இவள் ஒருத்திதான். ஒவ்வொருத்தியாக வந்து, "அந்தத் தைலத்தக் கொஞ்சம் காட்டு" என்றார்கள். செங்கமலம் மாடத்திலிருந்து டப்பியை எடுத்துத் திறந்து, வந்தவர்கள் நெற்றியில் எல்லாம் தடவிவிட்டாள். டப்பி நெற்றி நெற்றியாகப் போய் நாலு நாளில் தீர்ந்தது. அவள் நெற்றியை மட்டும் அது கடைசிவரை பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு டப்பி வாங்கினார்கள். விளம்பரம் பூரித்துப்போயிற்று. அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் அது ஆணியிலிருந்து பார்த்தது. ஆனால் பூரிப்பில் சரியாகப் பார்க்கவில்லை.

அதே பங்குனியில் பஞ்சாங்கம் பினாங்குக்கும் கப்பல் ஏறியது.

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு ரொட்டிக் கிடங்கு. அங்கேதான் இருந்தான் வைரக்கண்ணு. துறைமுக வேலை முதல் வருஷத்திலேயே போய்விட்டது. அதை எழுத வெட்கப்பட்டு, வீடு பார்த்துவிட்டேன் என்று இரண்டு தரம் பொய் எழுதினான். மூன்றாவது பொய் எழுதக் கை வரவில்லை. உண்மை எழுதவும் வரவில்லை. எழுதாமல் விட்ட ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் எழுதுவதை இன்னும் கஷ்டமாக்கிற்று. அப்படியே மூன்று வருஷம் கிடங்கில் மாவு பிசைந்துகொண்டிருந்துவிட்டான்.

ஆனால் அந்த மாதம் அவன் துணிந்துவிட்டான். அவனோடு கூட வேலை செய்த, அவன் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற நாகூர்க்காரர் சுல்தான் மரைக்கார் சொல்லிச் சொல்லி, ஒரு வழியாக ஒரு கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். தன் பொய்யை எல்லாம் அதில் ஒத்துக்கொண்டிருந்தான். 'ஊருக்கு வருகிறேன், வரலாமா? உனக்கு இன்னும் தலை வலிக்கிறதா?' என்று முடித்திருந்தான். மத்தியானத் தபாலுக்குப் போட வேண்டியதுதான் பாக்கி.

புதுப் பஞ்சாங்கம் கிடங்குச் சுவரில் தொங்கியது. மாவுக் கையோடு அதைத் தாண்டிப் போனவன் நின்றான்.

"என்னா வைரம், மாவு காயிது. அட்டையப் பாத்துக்கிட்டு நிக்கிறே?" என்றார் மரைக்கார்.

"எம் பொஞ்சாதி பேரு, நானா. அச்சுல."

"அட! நல்ல சேதியால்ல இருக்கு. என்னா போட்டுருக்கு?"

"தலைவலி கொணமாயிட்டுதாம்."

"அல்லாவுக்குப் புகழ். அதுக்கு ஏன் மூஞ்சி இப்புடிப் போவுது?"

வைரக்கண்ணு தன் கட்டைவிரலைப் பார்த்தான். மாவு ஒட்டிக் காய்ந்திருந்தது. "அது எங் கைக்கு மட்டுந்தான் கேக்கும் நானா. இப்ப டப்பிக்கே கேட்டுட்டுது."

"தைலத்துல தலைவலி போறது ஒரு குத்தமா?"

"குத்தம்னு சொல்லல. அவளுக்கு இனிமே நான் தேவையில்ல. மூணு வருசம் தவிக்க விட்டுட்டு, இப்பத்தான் நிம்மதியா இருக்கறவள நான் போயி ஏன் கெடுக்கணும்?"

சட்டைப்பையில் இருந்த கடிதம் சுவரைப் பார்த்துக் கேட்டது: "நான் ஒரு கேள்வி கேட்பதற்காக நாலு நாளாகக் காத்திருக்கிறேன். நீ முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டாயே?"

அப்போதுதான் விளம்பரத்துக்கு உறைத்தது. நீடாமங்கலத்துச் சுவரில் இருந்தபடி அது செங்கமலம் நெற்றியில் துணி கட்டிக்கொண்டு முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பினாங்குச் சுவரில் இருந்தபடி அவள் புருஷன் அவளுக்குக் குணமாகிவிட்டது என்று நம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது உலகத்தில் அது ஒன்றுதான்.

"பொய்!" என்று கத்தியது. "நம்பாதே! அவள் டப்பியைத் தொடவே இல்லை! இதோ, இந்த நிமிஷம்கூட அவளுக்கு வலிக்கிறது! ஒன்பது வரி இருந்தது, கம்பியில் குத்திவிட்டார்கள்!"

வைரக்கண்ணுவின் காதில் விழுந்தது வழக்கமான கத்தல்தான். தலைவலி, மண்டைக்குத்து, தடவிய மாத்திரத்தில் பூரண குணம். அவன் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். ரொட்டி அடுப்பின் வாயைத் திறந்தான். மரைக்கார் "டேய், டேய்" என்று ஓடிவருவதற்குள் அது எரிந்துவிட்டது.

அன்று முதல் விளம்பரத்துக்குக் கத்துவதில் ருசி போய்விட்டது. யாராவது அதைப் படித்துக் கண்ணை விரித்தாலும் வயிறு நிறையவில்லை. யாரும் தன்னை நம்பக்கூடாதே என்று, பிறந்த நாள் முதல் நம்பச் சொல்லியே பழகிய அது, ஏங்க ஆரம்பித்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்று பஞ்சாங்கம் கேட்டது.

"வலிக்கிறது" என்றது விளம்பரம்.

"தைலம் தடவிக்கொள்வதுதானே?" என்று சொல்ல வாயெடுத்த பஞ்சாங்கம், அதன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது.

ஆடி போய் ஆவணி வந்தது. வைரக்கண்ணு தினமும் அந்தச் சுவர்ப் பக்கம் போவான், தன் பெண்டாட்டி பெயரை ஒரு தரம் பார்ப்பான், திரும்பிவிடுவான். மூன்று வருஷமாக வலிக்காத வலி எல்லாம் இப்போது வலித்தது. ஒரு நாள் மரைக்காரிடம் வந்து காகிதம் கேட்டான்.

"வூட்டுக்கா?" என்றார் அவர் ஆசையாக.

"கம்பெனிக்கு நானா. எனக்கும் மார்வலி போயிடுச்சுன்னு எழுதப்போறேன்."

"ஒனக்கு மார்வலி போயிடுச்சா?"

"போவல. ஆனா அவ அந்தப் பஞ்சாங்கத்தப் பாப்பா. எம் பேரு கண்ணுல படட்டும். உசுரோட இருக்கேன்னு மட்டும் தெரியட்டும். நேர எழுத எனக்கு மூஞ்சி இல்ல."

முதல் வரி எழுதினான். அதோடு நிறுத்தத்தான் நினைத்தான். ஆனால் பேனா நிற்கவில்லை. அதன் கீழே பதினாறு வரி எழுதிவிட்டுத்தான் எழுந்தான். அந்தப் பதினாறும் செங்கமலத்துக்கு.

தங்கசாலைத் தெருவில் துரைவேலு முதலியார் கடிதத்தைப் பிரித்தார். "பினாங்குய்யா! கடலுக்கு அந்தாண்ட இருந்தெல்லாம் எழுதுறாங்க. வெளாசத்த முழுசாப் போடு, அப்பத்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும். அந்த நீடாமங்கலத்து அம்மா பேரு நல்லா விக்குது, அது மேல இருக்கட்டும். இத அதுக்குக் கீழ போடு."

"மிச்சம் பதினாறு வரி இருக்குது, சாமி."

முதலியார் பென்சிலை எடுத்தார். சுவரில் இருந்த விளம்பரம் அந்தப் பென்சிலிடம் கெஞ்சிற்று.

"இந்தத் தரம் மட்டும் விட்டுவிடு. வேண்டுமானால் தேள்கடியை எடுத்துவிடு. சோம்பலை எடுத்துவிடு. இந்தப் பதினாறு வரிக்கு நான் இடம் தருகிறேன்."

"என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றது சிவப்புப் பென்சில். "என்னைப் பிடித்திருக்கிற கைக்கு உன் பேச்சு கேட்காது."

பதினாறு வரியும் கம்பிக்குப் போயின.

இப்படியாக அடுத்த பங்குனியில் வந்த பஞ்சாங்கத்தின் பின்னட்டையில், ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொள்ளாத புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்குக் கீழே ஒருவராக, நெல்லளவு இடைவெளியில் வந்து நின்றார்கள்.

"நீ சௌக்கியமா?" என்றது கீழ் வரி.

"பூரண குணம்" என்றது மேல் வரி. "நீ?"

"அடியோடு போய்விட்டது."

அதற்கு மேல் பேச இரண்டு வரிகளிடமும் எழுத்து இல்லை. விளம்பரம் அவற்றைச் சுமந்துகொண்டு நீடாமங்கலம் போயிற்று. இந்தத் தரம் அவள் என்ன ஆவாளோ என்ற பயம் அதற்கு வழியெல்லாம் இருந்தது.

பஞ்சாங்கத்தை முதலில் பிரித்தவள் தில்லைநாயகி. தம்பி பெண்டாட்டியின் பெயர் இந்த வருஷமும் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் திருப்பினாள். அடுத்த கணம் வீடே அதிரக் கூவினாள்.

"செங்கமலம்! அடியே! என் தம்பி உசுரோட இருக்கான்டி!"

செங்கமலம் கிணற்றடியிலிருந்து ஓடிவந்தாள். வாளி உருண்டு போயிற்று. தில்லைநாயகி அழுதுகொண்டே ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். 'ஸ்ரீமான் மு. வைரக்கண்ணு, அசன் ராவுத்தர் ரொட்டிக் கிடங்கு, சூலியா தெருப் பின்சந்து, பினாங்கு: எனது மூன்று வருஷத்து மார்வலி அடியோடு போய்விட்டது. இப்போது பரம சௌக்கியமாய் இருக்கிறேன்.'

படித்து முடித்ததும் அவள் அழுகை நின்றுவிட்டது. முகம் சிவந்தது.

"பரம சௌக்கியமாமே! நாம ரெண்டு பேரும் இங்க செத்துச் செத்துப் பொழைக்கிறோம். தொரை ரொட்டி தின்னுக்கிட்டு சௌக்கியமா இருக்காராம். நம்மள மறந்தே போயிட்டான்டி. இவனுக்கா நீ இத்தன வருசம் காத்துக் கெடந்தே?"

செங்கமலம் பஞ்சாங்கத்தைக் கையில் வாங்கினாள். ஒரு தரம் படித்தாள். இன்னொரு தரம் படித்தாள். அந்த வரிக்கும் அதன் கீழே இருந்த கொழும்பு வியாபாரிக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, அவள் பாட்டுக்குச் சிரித்தாள்.

"என்னடி ஆச்சு ஒனக்கு? ஏன் சிரிக்கிறே?"

"அண்ணி, இது அந்த மொத வரி."

"எந்த மொத வரி?"

"கம்பெனிக்கு எழுதுற வரி. இதுக்குக் கீழ எத்தன வரி எழுதினாரோ, எல்லாத்தயும் வெட்டிட்டாங்க."

"அடியோட போயிட்டுன்னுல்ல போட்டுருக்கு?"

"எனக்குந்தான் மேல போட்டுருக்கு, பூரண கொணம்னு. எனக்குக் கொணமாயிருக்கா? ஒங்களுக்குத் தெரியாதா?"

தில்லைநாயகி தம்பி பெண்டாட்டியின் நெற்றியில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள்.

"அவருக்குப் போவல அண்ணி" என்றாள் செங்கமலம். முகம் பூராவும் மலர்ந்துபோயிருந்தது. "கொஞ்சங்கூடப் போவல. சௌக்கியமாவும் இல்ல. இன்னும் வலிச்சுக்கிட்டுத்தான் இருக்கு."

அவள் தபால்காரர் வருவதற்குள் ஒரு கவர் வேண்டும் என்று சொல்லி, ஈரப் புடவையோடு வாசலுக்கு ஓடினாள். தன்னைப் படித்து, அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பாமல், இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை விளம்பரம் அதுவரை பார்த்ததில்லை.